சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: 15,349 கிலோமீட்டரும் காணாமற்போன ஒரு செவ்வாய்க்கிழமையும்

என் மகள் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃபிளஷிங்கில் குடியிருக்கிறாள். நாங்கள் சிங்கப்பூரில், சாங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தெம்பனிஸில் இருக்கிறோம். இதற்கு முன் இரண்டு முறை ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் விமானத்தில் சென்று அவளைப் பார்த்துவிட்டு வந்தோம். மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபின், நடுவழியில் ஒரு விமான நிலையத்தில் கைப்பையும் கைத்தடியுமாக இறங்கி, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, மறுபடியும் ஏறுவது அவளால் ஆகாது என்று தெரிந்ததால், இந்த முறை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானத்தில் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்குச் சென்று, அதே சேவையில் திரும்பினோம். இடையில் எங்கும் தரையிறங்காமல் பறக்கும் பயணிகள் சேவைகளில் தூரத்தில் மிக நீண்டது இதுதான். இந்த மதிப்புரை முதன்மையாக அந்தச் சேவையைப் பற்றியது. பயணத்தைத் திட்டமிடுவதற்காக நான் புரட்டிப் பார்த்த தூரக் கணக்கு இணையதளங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் எனக்கு வந்த ஒரே தலைவலி அவற்றில் ஒன்றிலிருந்துதான் வந்தது.

முதலில் அந்தத் தளங்கள். இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளைத் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் நொடியில் வந்துவிடும் என்பதுதான் அவற்றின் வாக்குறுதி. தூரத்தைப் பொறுத்தவரை அந்த வாக்குறுதி பொய்யில்லை. நான் பார்த்த மூன்று தளங்களில் இரண்டு 15,349 கிலோமீட்டர் என்றும், மூன்றாவது அதைவிட ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் குறைத்தும் காட்டின. பூமியைச் சரியான பந்தாக வைத்துக்கொண்டு கணக்கிடுவதா, துருவங்களில் சற்றே தட்டையான அதன் உண்மை வடிவத்தை எடுத்துக்கொள்வதா என்பதில் வரும் வேறுபாடு அது. இவ்வளவு நீண்ட வழியில் பத்துக் கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. நேரத்தில்தான் கூத்து. ஒரு தளம் 17 மணி 33 நிமிடம் என்றது. இன்னொன்று 19 மணி 34 நிமிடம் என்றது. ஒரே வழி, ஒரே தூரம், ஆனால் இரண்டு மணி நேர வேறுபாடு. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் சூட்சுமம் புரிந்தது: முதல் தளம் தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுக்கிறது, இரண்டாவது மணிக்கு 500 மைலால், அதாவது சுமார் 805 கிலோமீட்டரால் வகுக்கிறது, ஏறவும் இறங்கவும் என்று இரண்டுமே ஓர் அரை மணியைக் கூட்டிக்கொள்கின்றன. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எந்த ரக விமானம், எந்த வழி என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. விமான நிறுவனத்தின் கால அட்டவணையில், பருவத்துக்குப் பருவம் சற்றே முன்பின்னாக மாறினாலும், போகும்போது 18 மணி 40 நிமிடமும் வரும்போது 18 மணி 50 நிமிடமும் என்ற அளவில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டு தளங்களின் விடைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மைக்கு ஏழு நிமிடம் வரை நெருங்கிவிடலாம். ஆனால் அதை யாரும் ஒரு முறையாகக் கொள்ள வேண்டாம்.

15,349 என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியைப் பெருவட்டப் பாதை என்பார்கள். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகைக்கு ஒட்டியும் நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகைக்கு ஒட்டியும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 178 பாகை, அதாவது உலகின் சரி எதிர்ப்பக்கம். அப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி கிழக்காகவும் போகாது, மேற்காகவும் போகாது. நேரே வடக்கே ஏறி, துருவத்தை உரசிக்கொண்டு, மறுபக்கம் இறங்கும். இதை நான் நம்பவில்லை. ஃபிளஷிங்கில் பேரனின் மேசைமேல் இருந்த உலக உருண்டையில், மனைவி பூக்கட்ட வைத்திருந்த நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடித்தேன். நூல் எங்கே தொய்ந்தாலும் வழுக்கிக்கொண்டு வடதுருவத்தில் இருக்கும் அந்தப் பித்தளைத் திருகுக்குப் பக்கத்தில்தான் போய் நின்றது. தாய்லாந்து, லாவோஸ், சீனா, மங்கோலியா, பைக்கால் ஏரிக்குச் சற்று மேற்கே சைபீரியா, துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் வரும் பனிக்கடல், பிறகு கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் என்று அது இறங்குகிறது. இணையதளங்கள் சொல்லும் 15,349 கிலோமீட்டர் இந்த நூலின் நீளம்தான்.

நாங்கள் ஏறிய விமானமோ இந்த நூலின் பக்கமே போகவில்லை. போகும்போது தென்சீனக் கடலைத் தாண்டி, ஜப்பானுக்குக் கிழக்கே வடபசிபிக்கில் நுழைந்து, அலாஸ்காவுக்குத் தெற்கே வளைந்து, கனடாவுக்குள் புகுந்து, பேரேரிகளின் பக்கமாக நியூயார்க்கில் இறங்கியது. சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ சுமார் 5,350 கிலோமீட்டர், டோக்கியோவிலிருந்து நியூயார்க் சுமார் 10,850 கிலோமீட்டர். இந்த இரண்டையும் கூட்டினாலே 16,200 ஆகிறது. ஆக, இந்தப் பக்கமாகப் போவதால் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். காரணம் காற்று. நடு அட்சரேகைகளின் மேல்வளிமண்டலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டத்தில் ஏறிக்கொண்டால், பின்னாலிருந்து தள்ளும் அந்த வேகம் கூடுதல் தூரத்தை ஈடுகட்டிவிடும். இருக்கைத் திரையிலிருந்த வரைபடத்தில், ஜப்பானைத் தாண்டிய பிறகு தரைவேகம் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியதை நானே பார்த்தேன். துருவ வழியில் அந்த உதவி கிடையாது. கடுங்குளிரில் எரிபொருளின் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். அவசரத்தில் இறங்க விமான நிலையங்கள் குறைவு. 2022-ஆம் ஆண்டு உக்ரைன் போர் தொடங்கியபின் பல விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்ப்பதால் சைபீரியாவும் வழியில் இல்லை. ஆகவே தூரக் கணக்குத் தளத்தின் வரைபடத்தில் கம்பீரமாக வளைந்து நிற்கும் அந்தக் கோடு, இந்தச் சேவையைப் பொறுத்தவரை யாரும் நடக்காத ஒற்றையடிப் பாதை.

இந்தத் தூரத்தைக் கடக்கும் விமானம் ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர்., அதாவது மிக நெடுந்தூரம் பறப்பதற்கான ரகம். பார்வைக்குச் சாதாரண ஏ350-900 போலவேதான் இருக்கும். கூடுதல் எரிபொருள் தொட்டி எதுவும் சேர்க்காமல், இருக்கும் தொட்டிகளிலேயே நிறைய நிரப்பும்படி எரிபொருள் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். 1,41,000 லிட்டர் கொள்ளும் இடத்தில் 1,65,000 லிட்டர் கொள்கிறது, பறக்கும் எல்லை 18,000 கிலோமீட்டர் வரை நீள்கிறது. முழுதாக நிரப்பினால் எரிபொருள் மட்டுமே ஏறத்தாழ 130 டன்; விமானம் தரையை விட்டெழும்போது அனுமதிக்கப்படும் மொத்த எடையே 280 டன்தான். பாதிக்குப் பாதி எண்ணெயைச் சுமந்துகொண்டு எழும்பும் பறவைக்கு மற்ற பாரத்தைக் குறைத்தாக வேண்டும். முன்பக்கச் சரக்கறை பயன்படுத்தப்படுவதில்லை. நிறுவனத்தின் நெடுந்தூர ஏ350-இல் 253 இருக்கைகள் இருக்க, இதில் 161 மட்டுமே: பிசினஸ் வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. டிக்கெட் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. இந்த விமானத்தில் மலிவான மூலை என்று ஒன்று வடிவமைப்பிலேயே இல்லை.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. இதே நிறுவனம் 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நான்கு எஞ்சின்கள் கொண்ட ஏ340-500 விமானத்தில் சிங்கப்பூரிலிருந்து, நியூயார்க்கை ஒட்டி நியூஜெர்சியில் இருக்கும் நெவார்க் விமான நிலையத்துக்கு நேரடிச் சேவையைத் தொடங்கி, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டது. இரண்டே எஞ்சின்கள் கொண்ட யு.எல்.ஆர். வந்தபின் 2018 அக்டோபர் 11 அன்று நெவார்க்கிற்கு மறுபடியும் பறந்தார்கள். அந்த முதல் பயணம் 17 மணி 52 நிமிடத்தில் முடிந்தது. ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கான நேரடிச் சேவை 2020 நவம்பரில், கொள்ளைநோய்க் காலத்தின் நடுவில், தொடங்கியது.

எங்கள் விமானம் ஓடுபாதையை விட்டெழுந்ததிலிருந்து மறு ஓடுபாதையைத் தொட்டது வரை 17 மணி 55 நிமிடம் ஆனது. அப்படியானால் அட்டவணை சொன்ன 18 மணி 40 நிமிடம் தவறா என்று கேட்டால், இல்லை. அட்டவணையின் கணக்கு சாங்கியில் கதவை மூடி விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, அங்கே நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரை. இரு முனையிலும் தரையில் ஊர்ந்துபோகும் நேரமும் அதில் சேர்ந்தது. தூரக் கணக்குத் தளங்கள் சேர்க்கும் அரை மணி இதற்காகத்தான் என்று வைத்துக்கொண்டாலும், கென்னடி நிலையத்தின் நெரிசலுக்கு அந்த அரை மணி பல நாள் போதாது.

உள்ளே இருந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பிரீமியம் எகானமியில் இருக்கைகள் இரண்டு, நான்கு, இரண்டு என்று வரிசையாக உள்ளன. வால்பக்கம் உடல் குறுகும் கடைசி மூன்று வரிசைகளில் மட்டும் சன்னலோரத்தில் ஒற்றை இருக்கை. தனியாகப் போகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். நாங்கள் இருவர் என்பதால் சன்னலோரத்து இரட்டை இருக்கையை எடுத்தோம், மூன்றாமவரைத் தாண்டி எழுந்துபோகும் தொல்லை இல்லை. முழங்கால் மருத்துவர் இரண்டு மணிக்கொரு முறை நடக்கச் சொல்லியிருந்தார். இருக்கைகள் குறைவாக இருப்பதன் நன்மை அப்போதுதான் தெரிந்தது. பின்பக்க நடைவழியில் நெருக்கடி இல்லை, கழிவறைக்கு முன் வரிசை இல்லை. என் மனைவி அழுத்தக் காலுறையோடு, கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல் ஒரு பக்க நடைவழியில் போய் மறுபக்க நடைவழியில் திரும்பிக்கொண்டிருந்தாள். ஏழாவது முறை விமானப் பணிப்பெண் ஒருவர் புன்னகையோடு தண்ணீர்க் கோப்பையை நீட்டினார்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய விமானங்களில் உள்ளழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமமாக இருக்கும், அதாவது உதகமண்டலத்தைவிடச் சற்று மேலே. ஏ350-இல் அது 6,000 அடி அளவில், ஏறக்குறைய கோத்தகிரியில் இருப்பதுபோல. ஆறு மணி நேரப் பயணத்தில் இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். பதினெட்டு மணி நேரத்தில் மூக்கும் தொண்டையும் கணுக்காலும் அதை உணர்ந்துகொள்கின்றன. முன்பு ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போய் இறங்கியபோது காலணியில் நுழைய மறுத்த என் பாதங்கள் இந்த முறை முரண்டு பிடிக்கவில்லை.

சாப்பாட்டில், முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த இந்தியச் சைவ உணவு இரண்டு வேளையும் சூடாக வந்தது. நடுவில் சிற்றுண்டி கேட்டபோதெல்லாம் கிடைத்தது. இருந்தாலும் என் மனைவி எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். புறப்பட்ட பதினோராவது மணியில், விளக்குகள் அணைந்து எல்லோரும் உறங்கும் வேளையில், அவள் மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெயும் பெருங்காயமும் மூன்று வரிசைக்கு எட்டின. முன்வரிசையிலிருந்து ஒரு தலை திரும்பிப் பார்த்தது. நான் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் இருந்துவிட்டேன்; அதில் அப்போது நாலாபுறமும் நீலம் மட்டுமே.

பதினெட்டு மணி நேரம் எப்படிக் கழிந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் ஆறு மணி நேரம் வழக்கமான விமானப் பயணம்போல் உணவு, படம், தூக்கம் என்று போய்விடுகிறது. கடைசி நான்கு மணி நேரம் எதிர்பார்ப்பில் போய்விடுகிறது. நடுவில் கிடக்கும் எட்டு மணி நேரம்தான் உண்மையான தூரம். அங்கே எந்த இருக்கையும் நீளம்தான், எந்தப் படமும் மெதுவாகத்தான் ஓடும். நிறுவனத்தின் வாடிக்கையாளர் திட்டமான கிறிஸ்ஃபிளையரின் உறுப்பினர்களுக்கு எல்லா வகுப்பிலும் வைஃபை இலவசம் என்பது அந்த எட்டு மணி நேரத்துக்குப் பெரிய துணை. விமானிகள் நால்வர் முறைவைத்து ஓட்டுகிறார்கள், ஓய்வெடுக்க அவர்களுக்குப் படுக்கை உண்டு. பயணிக்கு அந்தக் கொடுப்பினை பிசினஸ் வகுப்பில் மட்டும்.

இறங்கியபின் ஒரு சிறு கணக்கு. விமான நிலையத்திலிருந்து ஃபிளஷிங் சாலை வழியாகச் சுமார் 16 கிலோமீட்டர். வான் விக் விரைவுச்சாலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த விரைவுச்சாலையில் மகளின் கார் 55 நிமிடம் ஊர்ந்தது. வானத்தில் அதே 55 நிமிடத்தில் 800 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்திருந்தோம்.

இனி நேரக் கணக்கு. தூரக் கணக்குத் தளங்கள் சறுக்குவது இங்கேதான். நாங்கள் போன செப்டம்பரில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிடப் பன்னிரண்டு மணி நேரம் முந்தியது. அமெரிக்கர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் குளிர்காலத்தில் அது பதின்மூன்று. போகும்போது 18 மணி 40 நிமிடம் பறந்தாலும் சுவர்க் கடிகாரம் 6 மணி 40 நிமிடம்தான் நகர்ந்திருக்கும். டிக்கெட்டில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் பார்த்த என் சின்னம்மா, "அமெரிக்கா ஆறரை மணி நேரம்தானா, நான் ரொம்ப தூரம்னு நினைச்சேனே" என்றார். வரும்போது இதற்கு நேர்மாறு: 18 மணி 50 நிமிடப் பயணம், கடிகாரமோ 30 மணி 50 நிமிடம் தாவுகிறது. இரவு பத்து மணியையொட்டி அங்கே ஏறினால், மறுநாள் முழுவதும் வானத்திலேயே கழிந்து, அதற்கடுத்த நாள் விடியற்காலையில் சாங்கியில் இறங்குவோம்.

என் தலைவலி இதிலிருந்து பிறந்ததுதான். எங்கள் அப்பாவின் திதி அந்த மாதம் ஒரு வியாழக்கிழமையில் விழுந்தது. மூத்த மகன் நான். முந்தின நாளே வீட்டில் இருக்க வேண்டும். திரும்பும் நாளை முடிவுசெய்ய, பயண நேரம் காட்டும் ஒரு தளத்தில் செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணி என்று கொடுத்தேன். "வந்துசேரும் நேரம்: புதன்கிழமை மாலை 4.50" என்று அது பெரிய எழுத்தில் காட்டியது. நல்லது, ஒரு நாள் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து டிக்கெட் எடுக்கப் போனேன். தோளுக்குப் பின்னால் நின்றிருந்த மகள், "அப்பா, அது நியூயார்க் நேரம். நீங்க வியாழக்கிழமை விடியற்காலைதான் இறங்குவீங்க" என்றாள். அவள் சொன்னது சரி. அந்தத் தளம் புறப்படும் நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டிவிட்டு, சேரும் ஊரின் நேரத்துக்கு மாற்றாமலேயே விட்டிருந்தது. அப்படி விட்டிருப்பதாக ஒரு சிறு குறிப்புகூட இல்லை. விமான நிறுவனங்களின் பயணச்சீட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறியதாக "+2" என்று போட்டிருப்பார்கள், புறப்பட்ட தேதியிலிருந்து இரண்டாவது நாள் என்று பொருள். இந்த ஒரு குறியைக் காட்டாத எந்தத் தளமும், தூரத்தை எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும், பயணத்தைத் திட்டமிட உதவாது என்பது என் தீர்மானமான கருத்து. தூரம் அறியவும், பெருவட்டப் பாதை என்றால் என்ன என்று பேரனுக்குக் காட்டவும் அவை நல்லவை. நேரத்துக்கு விமான நிறுவனத்தின் அட்டவணையைத் தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

திங்கட்கிழமை இரவு ஏறினோம். திரும்பும் விமானம் வந்த வழியே திரும்பவில்லை என்பதுதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன செய்தி. அது மறுபடியும் கிழக்கே பறந்தது: அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கி, பிறகு இந்தியா. எதிர்க்காற்றில் பசிபிக்கைக் கடப்பதைவிட இந்த வழி இலாபம் என்று அன்றைய காற்றைப் பார்த்து முடிவுசெய்திருக்கிறார்கள்; வேறொரு நாளில் வேறு வழியும் வரலாம். போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு என்பதால், மகள் வீட்டுக்குப் போய்வந்த சாக்கில் நாங்கள் உலகத்தையே ஒரு முறை சுற்றிவிட்டோம். முருகன் மயிலேறிச் சுற்றிய சுற்று இதுதான். பழத்தை வாங்கிக்கொண்ட பிள்ளையாரோ ஃபிளஷிங்கில், மகள் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில், ஆடாமல் அசையாமல் கோயில்கொண்டிருக்கிறார். வங்காள விரிகுடாவுக்குள் நுழையும்போது திரையில் சென்னை என்ற பெயர் வலப்பக்கம் தோன்றி மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். இறங்க இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டு அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை விடிவதற்குள் தெம்பனிஸில் இருந்தோம். செவ்வாய்க்கிழமை என்று ஒன்று எங்களுக்கு வரவே இல்லை. செவ்வாயோ வெறுவாயோ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வாரம் அது எங்களுக்கு வெறுவாயாகவே போனது. கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் புரண்டதால், பகலில் தூக்கமும் நள்ளிரவில் பசியுமாக அடுத்த ஐந்து நாட்கள் கழிந்தன. நேரடி விமானம் என்பதால் இந்தத் தொல்லை குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது நேர வேறுபாட்டால் வருவது, எத்தனை முறை இறங்கி ஏறினாலும் அதே அளவுதான்.

ஃபிராங்க்ஃபர்ட் வழியோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் அல்லவா? அதுவும் இதே நிறுவனத்தின் சேவைதான். சிங்கப்பூர்–ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,300, ஃபிராங்க்ஃபர்ட்–நியூயார்க் சுமார் 6,200, மொத்தம் 16,500 கிலோமீட்டர். நேரடி விமானம் உண்மையில் பறக்கும் வழியோடு ஒப்பிட்டால் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நேரத்தில், நடுவில் தங்கும் இரண்டு மணி நேரத்தையும் சேர்த்து, ஐந்து மணி நேரம் வரை அதிகமாகும். ஆனால் அதில் எகானமி வகுப்பு உண்டு, பதின்மூன்று மணி நேரத்துக்குப் பிறகு தரையில் நிமிர்ந்து நடக்கலாம், ஒரு காபி குடிக்கலாம். இடுப்பு வலிக்காரர்களுக்கும், சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், ஐந்து மணி நேரத்தைவிடப் பணம் பெரிது என்பவர்களுக்கும் நான் அதையே சொல்வேன். நடக்கச் சிரமப்படுகிறவர்கள், இணைப்பு விமானத்தைத் தவறவிடுவோமோ என்று அஞ்சுகிறவர்கள், ஒரு முறை உட்கார்ந்தால் இறங்கும்வரை யாரும் எழுப்பக் கூடாது என்பவர்கள் ஆகியோருக்கு நேரடி விமானம் கொடுத்த காசுக்குத் தகும். என் மனைவி இந்த நேரடி விமானக் கூட்டத்தைச் சேர்ந்தவள். அடுத்த முறையும் இதுதான் என்று சொல்லிவிட்டாள்.

நியூஜெர்சியில், எடிசன் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் கென்னடி நிலையத்துக்குப் பதிலாக நெவார்க் செல்லும் நேரடி விமானத்தைப் பார்க்கலாம். வான்வழித் தூரம் இரண்டுக்கும் சில கிலோமீட்டர்தான் வேறுபடும், விமானமும் இதே ரகம்தான்; ஆனால் இறங்கியபின் நியூயார்க் நகரத்தையும் அதன் பாலங்களையும் குறுக்கே கடக்கும் வேலை மிச்சமாகும்.